உப்புக்காக மூடிய ஷட்டர்

மரக்காணத்தில் உப்புக்கு இரண்டு பிறவி. பாத்தியில் கிடக்கும்வரை அதற்கு வெயிலும் காற்றும் வேண்டும். காற்று நின்றால் முதலாளிக்கு மூச்சே நின்றுவிடும். அதே உப்பு காய்ந்து, அரைபட்டு, பாக்கெட் போடுகிற ஷெட்டுக்குள் வந்ததும் காற்று எதிரியாகிவிடும். கடல்காற்று கொஞ்சநேரம் உள்ளே புகுந்தால் போதும், உப்பு வியர்க்கத் தொடங்கும். பாக்கெட் கட்டியாகிக் கல்போல உட்கார்ந்துகொள்ளும். அதனால் எங்கள் ஷெட்டில் ஜன்னல் கிடையாது. லாரி வந்தால் ஷட்டரைத் தூக்குவோம், லோடு ஏறியதும் இறக்கிவிடுவோம். மற்ற நேரமெல்லாம் டியூப்லைட்டு வெளிச்சத்தில், தகரக் கூரைக்கு அடியில், மூட்டைகளோடு மூட்டையாக நாங்கள்.

எடைமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிற வேலை எனக்கு. ஒன்பது வருடமாக அதே நாற்காலி. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில் லோடுமேன்கள் எட்டுப் பேரும் உள்ளே வந்து மூட்டைமேல் சாய்ந்துகொண்டு பீடி பற்றவைப்பார்கள். வெளியே போகமாட்டார்கள், வெயில். புகை மேலே போய்த் தகரத்தில் முட்டி, வேறு வழி தெரியாமல் திரும்பக் கீழே வரும். மதியத்தில் எதிர்ச்சுவர் மங்கலாகத் தெரியும். “காசு இல்லாம ஊட்டிக்கு வந்திருக்கோம், யாராவது ஸ்வெட்டர் குடுங்கப்பா” என்பேன். எட்டுப் பேரும் சிரித்து இன்னும் கொஞ்சம் ஊதுவார்கள். மனிதர்களைச் சிரிக்கவைப்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. நான் பீடி சிகரெட் தொட்டவன் இல்லை. பதினெட்டு வயதில் ஒன்றே ஒன்று இழுத்துப் பார்த்து, தாய்மாமன் வேட்டிமேல் வாந்தியெடுத்ததோடு சரி. கல்யாண வீடுகளில் நெஞ்சைத் தட்டி, “என் நுரையீரல் ஷோரூம் பீஸ், பிரிக்காத பாக்கெட்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிரிக்காத பாக்கெட்டை ஒன்பது வருடம் அடுப்புமேல் வைத்திருக்கிறோமே என்று தோன்றியதே இல்லை.

இதில் என் சேவை வேறு. லோடுமேன்களின் தீப்பெட்டி வியர்வையிலும் உப்பிலும் நமுத்துப்போகும். ஒரு பீடிக்குப் பத்துக் குச்சி உரசுவார்கள். பாவம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பாக்கெட்டின் வாயை ஒட்டுகிற சீல் மெஷினின் தலை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் தீப்பெட்டியை வைத்தால் குச்சி முறுமுறுவென்று இருக்கும் அல்லவா? இருந்தது. அன்றிலிருந்து எட்டுப் பேரும் மெஷினுக்கு வந்து பற்றவைத்து, முதல் இழுப்பை அங்கேயே நின்று விட்டுவிட்டுப் போனார்கள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி நானும் யோசிக்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை.

அந்தப் பெண் கூனிமேட்டுப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருபவள். மெஷினின் சூட்டைக் கையை வைத்தே சொல்லிவிடுவாள். அவள் ஒட்டிய பாக்கெட் ஒன்றுகூடப் பிரிந்து வந்ததில்லை. முதல் குழந்தை, ஆறாவது மாதம். ஒருநாள் செக்கப்புக்குப் போய்விட்டு மதியம் நேராக ஷெட்டுக்கு வந்தாள். ஆட்கள் எல்லாரும் வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, நான் மாசக் கடைசியோட வேலைய விட்டு நின்னுக்கறேன்.”

“ஏம்மா, மெஷின் கோச்சுக்குமே. உன் கை பட்டாத்தான் அது பாக்கெட்ட ஒட்டுது. நான் தொட்டா என் வெரலத்தான் ஒட்டுது.”

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

“கொழந்த இந்த மாசத்துக்கு இருக்க வேண்டிய வெய்ட்டுல இல்லயாம்ணா. வீட்ல யாரு பீடி குடிக்கறதுன்னு நர்சம்மா கேட்டாங்க. யாருமில்ல, அவரு தொடவே மாட்டாருன்னேன். வேல செய்யற எடத்துலயான்னாங்க. நான் வாயே தொறக்கல. என் முந்தானைய எடுத்து மோந்து பாத்துட்டாங்க.”

“மோந்து பாத்து?”

“நீ குடிக்கலன்னாலும் நீ குடிக்கற மாதிரிதான்னாங்க. அவங்க ஊதறது என் மூச்சுல போயி, ரத்தத்துல கலந்து, புள்ளைக்கும் போவுமாம். வெய்ட்டு ஏறாததுக்கு வேற காரணமும் இருக்கலாம், ஆனா பொகைல உக்காராதன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் திரும்ப ஸ்கேன் எடுக்கணும்.”

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன கேட்டிருப்பான்? உனக்கு உடம்பு எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டிருப்பான். நான் கேட்டது இது:

“அப்ப எனக்கு?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் எடைபோட்டு முடிக்கவில்லை.

வேலையை விட்டால் வீட்டில் சும்மா உட்காரவைக்க மாட்டார்கள் என்றாள். மாமியாரோடு பாத்திக்குப் போய் வெயிலில் உப்பு வாரி, கூடையைத் தலையில் தூக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்து செய்கிற வேலை சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான். இங்கே இருந்தால் புகை, அங்கே போனால் சுமை. இரண்டுக்கும் நடுவில் அந்தக் குழந்தை.

“ஒரு வாரம் டைம் குடும்மா. பொகைய நான் பாத்துக்கறேன்.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. புள்ள சின்னதா இருக்குதுன்னு தெரிஞ்சா ஆளாளுக்கு ஒன்னு பேசுவாங்க.”

சத்தியம் செய்தேன். நெஞ்சில் கை வைத்துத்தான் செய்தேன். வைத்த கையை உடனே எடுக்க மனம் வரவில்லை, உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று கவனிக்கத் தொடங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் எனக்கு இருமல் வந்தது. உண்மையில் வரவில்லை, நான்தான் வரவழைத்து வரவழைத்துப் பரிசோதித்தேன். பத்து முறை வரவழைத்த பிறகு அது தானாகவே வரத் தொடங்கியது. முடிந்தது கதை என்று மனைவியிடம் புகை விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“ஒம்பது வருஷமா உங்க சட்டைய மட்டும் தனியா ஊறவெக்கறேன்” என்றாள் அவள். “இப்பத்தான் சாருக்குத் தெரியுதா?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். ஊட்டிலருந்து வர்றேன்னு சொன்னீங்க.”

மறுநாள் காலையிலேயே களத்தில் இறங்கினேன். உப்போடு வாழ்கிறவனுக்கு எந்தப் பிரச்சினைக்கும் உப்புதான் தோன்றும். காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுக்கிற பொருள், புகையை இழுக்காதா? எட்டுப் பிளாஸ்டிக் தட்டில் காய்ந்த உப்பைக் குவித்து, அவள் நாற்காலியைச் சுற்றிக் கோயில் பிரகாரம்போல அடுக்கினேன். எனக்கென்று தனியாக இரண்டு தட்டு, பெரிய தட்டாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். லோடுமேன்கள் ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு, தட்டைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் பார்த்தால் உப்பு லேசாக நனைந்திருந்தது. புகை அப்படியே இருந்தது.

“அண்ணா, உப்பு தண்ணிதான் குடிக்கும்” என்றாள் அவள். “பீடி குடிக்காது.”

அடுத்த நாள் வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அவள் பக்கம் வைத்தேன். அது அற்புதமாக வேலை செய்தது. அவளைச் சுற்றியிருந்த புகை முழுவதையும் வாரி, நேராக எடைமேடைக்கு, என் மூக்குக்குக் கொண்டுவந்தது. தியாகம் செய்யலாம் என்று அரைமணி நேரம் பொறுத்தேன். அதற்குள் அந்தப் புகை என்னையும் தாண்டி, சுவரில் முட்டி, சுற்றிக்கொண்டு அவளிடமே போய்விட்டது. மூடிய ஷெட்டில் ஃபேன் புகையை வெளியேற்றாது. ஊர்வலம்தான் நடத்தும்.

மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். போகிற வழியில் பெருமுக்கல் மலை தெரிந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்னால் நாமே ஒரு டெஸ்ட் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்ற, இறங்கிவிட்டேன். படியேறத் தொடங்கிப் பாதிகூடப் போகவில்லை, கண்ணில் பூச்சி பறந்தது, மூச்சு நாயைப்போல வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்து மனைவிக்கு ஃபோன் போட்டேன்.

“நான் போய்ட்டா அந்தக் கூட்டுறவு சங்கத்து பேப்பர் பீரோல இடது பக்கம் இருக்குது.”

“எங்க இருக்கறீங்க?”

“பெருமுக்கல் மலைமேல.”

“மலை ஏறினா மூச்சு வாங்கத்தான் வாங்கும். எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

கையில் தேங்காய்ப் பையோடு என் அம்மா வயதுள்ள ஒருத்தி என்னைத் தாண்டி ஏறிக்கொண்டே, “தள்ளி உக்காருப்பா, வழியில உக்காந்துகினு” என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர். “ஒரு நாளைக்கு எத்தன பீடி?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். “சட்டை வேற மாதிரி சொல்லுதே” என்றார். ஷெட்டைப் பற்றிச் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க நான் அவர் முகத்தை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. மூச்சு வாங்கறது தொப்பையாலதான்.”

வாழ்நாளில் என் தொப்பையை யார் குறை சொன்னாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

“அதுக்காக அங்கியே போய் உக்காராதீங்க” என்றார் அவர். “இன்னைக்கு நல்லா இருக்குன்னா நாளைக்கும் இருக்கும்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. குடிக்கறவனுக்கு வர்ற நுரையீரல் கேன்சர், மாரடைப்பு எல்லாம் பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கும் வரலாம்.”

“ஃபேன் போட்டா சார்? கொஞ்சம் தள்ளி உக்காந்தா? ஷட்டர கொஞ்சமா தூக்கிவிட்டா?”

“எதுவும் போதாது. உள்ள யாரும் குடிக்கக் கூடாது. அவ்ளோதான். வேலை பாக்கற எடத்துல குடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.”

ஷெட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கிறாள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் எக்ஸ்ரேயைக் கவரில் போட்டுக்கொண்டே, “அப்ப மொதல்ல அவங்களுக்காகத்தான் வந்திருக்கணும் நீங்க” என்றார். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த நெஞ்சில் அந்த வார்த்தைதான் குத்தியது.

அடுத்த நாள் லோடுமேன்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றேன். அவர்களுக்குத் தலைவர் ஒரு மேஸ்திரி. ஐம்பத்தைந்து வயது, இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவார், பீடியை உதட்டிலிருந்து எடுக்காமலே பேசுவார்.

“இனிமே ஷெட்டுக்குள்ள யாரும் பீடி குடிக்கக் கூடாது” என்றேன்.

எட்டுப் பேரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

“இன்னைக்கு இன்னா வேஷம்பா?” என்றார் மேஸ்திரி.

“வேஷம் இல்ல மேஸ்திரி. டாக்டர் சொன்னாரு. நீ குடிச்சா எனக்கு மாரடைப்பு வரும்.”

“நான் குடிச்சா உனக்கு வருமா? அப்ப நான் சாப்ட்டா உனக்குத் தொப்ப வருதா? கணக்கு சரியாத்தான் இருக்குது!”

மறுபடியும் சிரிப்பு. தப்பு என்னுடையதுதான். லாரியில் மாட்டியிருக்கிற ஜிபிஎஸ் யார் எத்தனை பீடி குடிக்கிறார்கள் என்று சென்னைக்குச் சொல்லிவிடும் என்று போன வருடம் நான் விட்ட புருடாவை நம்பி, இவர்களில் இரண்டு பேர் ஒரு வாரம் லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி குடித்தார்கள். அப்படிப்பட்டவன் வாயில் வருகிற உண்மையை யார் நம்புவார்கள்? குரலைக் கனமாக்கிப் பேசினேன், இன்னும் சிரித்தார்கள். என் முகத்தை நான் சீரியஸாக வைத்துக்கொண்டதே அவர்களுக்குப் பெரிய காமெடியாக இருந்திருக்கிறது. “புகைபிடிக்காதீர்” என்று அட்டையில் எழுதி மாட்டினேன், அந்த ஆணியில் துண்டைத் தொங்கவிட்டார்கள். மெஷின் மேலிருந்த தீப்பெட்டியை ஒளித்தேன், ஒருவன் லைட்டர் வாங்கிவந்தான். உண்மையான காரணத்தைச் சொல்லலாம் என்றால் சத்தியம் வாயைக் கட்டியிருந்தது.

நான் கேட்ட ஒரு வாரம் முடிகிற நாள். மதியம் லாரி போய், ஷட்டர் இறங்கி, எட்டு பீடியும் எரிந்துகொண்டிருந்தன. மெஷினில் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் பாக்கெட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அந்த வேலையைச் செய்ய முடியாது. பாக்கெட் ஒன்று கோணலாக ஒட்டி, உப்பு சிந்தியது. அவள் கை தவறி நான் பார்த்த முதல் பாக்கெட் அது.

நான் எழுந்து போய் ஷட்டரைத் தூக்கினேன். தலைக்கு மேல், கடைசிவரை. கடல்காற்று மொத்தமாக உள்ளே வந்தது.

பீடி உதட்டிலிருந்து விழ மேஸ்திரி துள்ளி எழுந்தார். “யோவ்! இன்னாய்யா பண்ற? உப்பு நீர் வுட்டுடும்யா!”

“விடட்டும்.”

“முதலாளி வந்தா உன்ன உரிச்சிடுவாரு! எறக்குய்யா!”

“எறக்க மாட்டேன். நீங்க எட்டுப் பேரும் வெளிய போய்க் குடிக்கறவரைக்கும் இது மேலயேதான் இருக்கும். கெட்ட காத்து படக் கூடாதுன்னு உப்ப இப்பிடிப் பொத்திப் பொத்தி வக்கிறோமே மேஸ்திரி, அந்த அக்கற உள்ள இருக்கற மனுஷங்க மேல ஒருத்தருக்கும் இல்லியா?”

இதில் ஜோக் எதுவும் இல்லை என்று அவர்களுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. உப்பு ஷெட்டில் வேலை செய்கிறவன் விளையாட்டுக்குக்கூடச் செய்யாத காரியம் ஷட்டரைத் திறந்துபோடுவது. நான் தீக்குளிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஷட்டரைத் திறந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி பைக் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது ரோட்டிலேயே இருந்தது. ஆனால் கை ஷட்டர் சங்கிலியை விடவில்லை.

மேஸ்திரி குரலை இறக்கினார். “யாருக்குப்பா? உனக்கா?”

என் கண் அவள் பக்கம் போய்விடக் கூடாதே என்று தரையைப் பார்த்தேன். மெஷின் நின்றது. அவள்தான் நிறுத்தினாள்.

“எனக்குத்தான் சித்தப்பா” என்றாள். உறவு ஒன்றும் இல்லை, ஆனால் வந்த நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். “புள்ளைக்கு வெய்ட்டு ஏறல. பொகைல இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. அண்ணன நான்தான் சொல்ல வேணான்னேன்.”

மேஸ்திரி கீழே விழுந்த பீடியைப் பார்த்தார். குனிந்து எடுத்தார், வாசலுக்கு வெளியே போய் மணலில் தேய்த்தார். திரும்பி வந்து மற்ற ஏழு பேரிடம், “டேய், இன்னாடா பாத்துகினு நிக்கறீங்க? இன்னும் வாயில வச்சிகினு” என்றார். பிறகு என்னிடம், “நீ ஏன்யா மாரடைப்பு கீரடைப்புன்னு உளறின? இத அன்னிக்கே ஜாடையா சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டனா?” என்று என்னையே திட்டினார். வாங்கிக்கொண்டேன். “எறக்கித் தொல, உப்பு போச்சு” என்றார். அதையும் செய்தேன்.

அன்றைக்கே ஷெட்டை விட்டு நன்றாகத் தள்ளி, காற்று எங்கள் பக்கம் திரும்பாத இடமாகப் பார்த்து, நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினோம். காற்று எப்போது எந்தப் பக்கமிருந்து வரும் என்று உப்பள ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிக்கிறவர்கள் அங்கே, வேலை இங்கே. வெளியூர் லாரி டிரைவர் யாராவது சிகரெட்டோடு வாசலில் கால் வைத்தால் நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. மேஸ்திரி போய் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். முதலாளி, எதிர்ச்சுவர் தெரிகிறதே என்று ஆச்சரியப்பட்டார், சுண்ணாம்பு அடித்தீர்களா என்று கேட்டார். மாசக் கடைசி வந்தது. அவள் வேலையை விட்டு நிற்கவில்லை.

அடுத்த ஸ்கேன் நாளன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. மேஸ்திரி ஒரே மூட்டையை மூன்று முறை இடம் மாற்றினார். நான் அதே மூட்டையை மூன்று முறையும் எடைபோட்டு எழுதிக்கொண்டேன்.

மதியம் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நான் ஷட்டரைப் பாதி தூக்கினேன். அவள் உள்ளே வந்து, செருப்பை ஓரமாக விட்டு, மெஷினைப் போட்டு, கையை வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“ஏறியிருக்குதுண்ணா. இன்னும் கொஞ்சம் ஏறணுமாம். ஆனா நல்லா ஏறியிருக்குது, இப்பிடியே இருன்னு சொன்னாங்க.”

புகை நின்றதால்தான் ஏறியது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் அப்படிச் சொல்லப்போவதில்லை. அவள் குடிக்காத பீடியை அந்தக் குழந்தை இனி குடிக்கவேண்டியதில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

சந்தோஷமோ அழுகையோ, மேஸ்திரியின் கை பழக்கத்தில் காதில் செருகியிருந்த பீடிக்குப் போனது. பாதியில் அவளைப் பார்த்தார், ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே ஓடினார். நான் ஷட்டரை இறக்கினேன். இறக்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, தார்ப்பாய்ப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

“ஏம்மா! கை காலு ஆடுதாமா?”

“ஆடுது சித்தப்பா!” என்று இவள் உள்ளே இருந்து கத்தினாள்.

“இன்னா?”

“ஆடுது!”

“மூஞ்சி தெரிஞ்சிதா? யாரு ஜாடைன்னாங்க?”

“மொத்தக் கதையும் வேணும்னா அதப் போட்டுட்டு உள்ள வா சித்தப்பா! வாயக் கொப்புளிச்சிட்டு வா!”

குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் உடனே கேட்டது.